என் கார் குடிக்கிறது!

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் மாடிப்படி. அங்கே நின்றுகொண்டுதான் பேசினேன்.

"காலைல எழுப்பும்போதே புகை விடுது பாய். மாசம் முக்கால் லிட்டர் குடிக்குது. நானும் ஊத்திக்கிட்டேதான் இருக்கேன். இப்படியே விட்டா இன்னும் ஒரு வருஷம் தாங்காது போலிருக்கு."

மறுநாள் மூன்றாவது மாடி மாமி என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பத் தணிந்த குரலில், "மாப்பிள்ளைக்கு இப்போ எப்படி இருக்கு? எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். சத்தமில்லாம மருந்து கொடுத்து நிறுத்திடுவார்" என்றாராம்.

என் தங்கை வீட்டுக்காரர் பாவம், காபிகூடச் சாப்பிடாதவர். குடித்தது என் கார். இன்ஜின் ஆயிலை.

'என் கார்' என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. அப்பா 2010-ல் ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். டேஷ் போர்டுக்குள் ஒரு பாக்கெட் டைரி வைத்திருப்பார். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், என்ன ஆயில், எவ்வளவு ஊற்றியது என்று குண்டு குண்டான கையெழுத்தில் இருக்கும். 2020-ல் அப்பா போனார். டைரியில் அந்த வருடம் பிப்ரவரிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நான் காரில் செய்த ஒரே பராமரிப்பு, புதிதாக ஸ்டீரியோ மாட்டியது. சரி, 2021-ல் ஒரு தடவை ஆயில் மாற்றினேன். அடுத்தது? 19,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும் மாற்றவில்லை. ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2023 டிசம்பரில் குடும்பத்தோடு திருவண்ணாமலை கிளம்பினோம். திண்டிவனம் தாண்டி, செஞ்சிக் கோட்டை கண்ணில் படுகிற ஒரு வளைவு. டேஷ் போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு கண் சிமிட்டியது. வளைவு முடிந்ததும் அணைந்துவிட்டது. அடுத்த வளைவில் மறுபடி சிமிட்டியது.

"ஏங்க, அலாவுதீன் விளக்கு மாதிரி ஒண்ணு எரியுதே?" என்றாள் மனைவி.

"லூஸ் கனெக்‌ஷனா இருக்கும்" என்றேன். ஆண்பிள்ளைகள் காரைப் பற்றித் தெரியாததற்கெல்லாம் சொல்லும் பதில் அதுதான்.

பின் சீட்டிலிருந்து அம்மா, "டேய், அப்பா அந்த லைட் எரிஞ்சா வண்டியை அணைச்சிடணும்னு சொல்லுவாருடா" என்றாள். நிறுத்தினேன். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எத்தனை ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்தியது என்று பிறகுதான் தெரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த விளக்கு ஆயில் குறைந்திருக்கிறது என்று சொல்வதில்லை. ஆயில் 'பிரஷர்' இல்லை என்று சொல்கிறது. இன்ஜினுக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து பம்ப் ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. தொட்டியில் ஆயில் அடிமட்டத்துக்குப் போய்விட்டால், வளைவில் திரும்பும்போது மிச்சமிருப்பதும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த நேரத்தில் உள்ளே இரும்பும் இரும்பும் நேரடியாகக் கைகுலுக்குகின்றன. அதுதான் சிமிட்டல். விளக்கு எரியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்கள், வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டலாம் என்றிருப்பவர்கள்.

டிப்ஸ்டிக்கை உருவினேன். நுனிகூட ஈரமாகவில்லை. அந்த வழியாகப் போன ஒரு பைக்காரர் புண்ணியத்தில் பக்கத்து பங்க்கிலிருந்து மூன்று லிட்டர் வாங்கி வந்தேன். மூன்றையும் ஊற்றினேன். பயத்தில் அளவாவது ஒன்றாவது! அதுவும் தப்பு. மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றால் கிராங்க் ஷாஃப்ட் அதில் முங்கி, தயிர் கடைவது மாதிரி கடைந்து நுரைக்கும். அதிகப்படி ஆயில் காற்றோட்டக் குழாய் வழியாகப் போய் அதுவும் எரியும். குடிகாரனைத் திருத்த ஃபுல் பாட்டில் வாங்கிக் கொடுத்தது மாதிரி.

மறுநாள் ஆபீஸில் கதையைச் சொன்னதும் இலவச ஆலோசனை கொட்டியது. பக்கத்து சீட் நண்பர், "ரொம்ப சிம்பிள். கெட்டியா 20டபிள்யூ-50 போட்டுடு. கூழ் மாதிரி நிக்கும். எங்க மாமா அம்பாசடருக்கு அதான்" என்றார். அக்கவுன்ட்ஸ் பிரிவு நண்பர், "ஃபுல்லி சிந்தெடிக் போடு" என்றார். இன்னொருத்தர், "பழைய வண்டிக்கு சிந்தெடிக் போட்டா இருக்கிற ஓட்டையெல்லாம் திறந்துக்கும்" என்று பீதியைக் கிளப்பினார். பியூன் மட்டும், "வித்துடுங்க சார்" என்றார். இருப்பதிலேயே அனுபவஸ்தர் அவர்தான்.

மெக்கானிக் பாய் அப்பா காலத்து ஆள். பானெட்டைத் திறந்து, ஆயில் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடியின் உள்பக்கம் கருப்பாகத் தார் மாதிரி ஒட்டியிருந்தது.

"ஐயா இருந்தா இப்படி விட்டிருப்பாரா தம்பி?"

நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஆயில் போடணும்னு அப்புறம் பேசலாம். மொதல்ல எங்க போவுது, எவ்ளோ போவுதுன்னு பாக்கணும். வைத்தியம் பாக்கறதுக்கு முன்னாடி ஜுரம் எவ்ளோன்னு பாக்க வேணாமா?"

பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, காரின் கையேட்டில் போட்டிருக்கும் 5டபிள்யூ-30 ஆயிலையே மேல் கோடு வரை ஊற்றினார். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி சொருகிப் பார்க்க வேண்டும். மறுபடி மேல் கோட்டைத் தொட எத்தனை மில்லி பிடிக்கிறதோ அதுதான் குடி அளவு. நான் மருந்துக் கடையில் அளவு கோடு போட்ட பிளாஸ்டிக் கப் வாங்கினேன். 620 மில்லி. (சில கார் கம்பெனிகளின் கையேடுகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை சகஜம் என்று அச்சடித்தே வைத்திருக்கின்றன. நம் வீட்டு வண்டி அதையும் தாண்டியது.)

ஆயில் காணாமல் போக வழிகள் சிலதான் உண்டு. ஒன்று, வெளியே கசியலாம். எனக்கு டேப்பட் கவர் பேக்கிங் கல்லு மாதிரி இறுகி, ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. இன்னொன்று, பி.சி.வி. வால்வு. கட்டைவிரல் அளவுப் பொருள். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை எடுத்து எரிய அனுப்புவது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலைக் கிடைத்த சந்திலெல்லாம் பிதுக்கிவிடும். பாய் அதைக் கழற்றிக் காதருகே ஆட்டிக் காட்டினார். ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரவேண்டும். என்னுடையது மௌன விரதம். இரண்டையும் மாற்ற 1,100 ரூபாய்தான் ஆயிற்று. அடுத்த ஆயிரம் கிலோமீட்டரில் 480 மில்லி. ஆயிலையே மாற்றாமல் 140 மில்லி மிச்சம்!

மிச்சமுள்ளது உள்ளே எரிகிறது. புகையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம் என்றார் பாய். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் எழும்போது ஒரு பொட்டலம் நீலப் புகை விட்டுவிட்டு அப்புறம் ஒழுங்காக ஓடினால், வால்வு சீல் இறுகிவிட்டது. ராத்திரி சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங்.

பிஸ்டனுக்கு வழக்கமாக மூன்று வளையங்கள். மேலே இரண்டும் முக்கியமாக அழுத்தம் காப்பவை. மூன்றாவது, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலை வழித்து இறக்குவது, தோசைக் கல்லைத் துடைக்கிற மாதிரி. பழைய ஆயில் கரியாகி அந்த வளையத்தின் பள்ளத்தில் இறுகிவிட்டால், அது வழிக்காது. ஆயில் மேலே தங்கி பெட்ரோலோடு எரியும். 19,000 கிலோமீட்டர் மாற்றாத ஆயில் அந்த வேலையைத்தான் செய்திருந்தது.

கம்ப்ரஷன் பார்த்தார். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி, நன்றாகவே இருந்தது. "இன்ஜின் போவல தம்பி. ஆயில் ரிங்தான் கொஞ்சம் ஒட்டிக்கினு இருக்கு. வால்வு சீலும் பழசு. இறக்கி ரிங் மாத்தணும்னா 38,000 ஆவும். அவசரம் இல்ல. அதுக்கு முன்னாடி ஆயில்ல ஒரு படி ஏறிப் பாக்கலாம்."

ஒரு படி. இந்த வார்த்தைதான் முக்கியம். இதைப் புரிந்துகொள்ள டப்பாவில் இருக்கும் நம்பரைப் படிக்கத் தெரியவேண்டும். நான் அதுவரை அதை டப்பாவின் விலை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன்.

மார்கழி மாதம் பாத்ரூமில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் விழாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பித்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றும். இரண்டையும் வாணலியில் காய்ச்சினால், இரண்டுமே தண்ணீர் மாதிரி ஓடும். ஆக, ஓர் எண்ணெயின் கெட்டித்தனம் என்பது ஒரு நம்பரில் அடங்காது. குளிரில் எப்படி, சூட்டில் எப்படி என்று இரண்டு கேள்வி. இன்ஜின் ஆயில் டப்பாவும் அதற்குத்தான் இரண்டு நம்பர் தருகிறது. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் 1911-ல் ஆரம்பித்த கணக்கு இது.

டபிள்யூ என்றால் வின்டர். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும் இன்ஜினைச் சுழற்றவிடும் அளவு இளக்கம். 20டபிள்யூ-வுக்கு அந்தச் சோதனை மைனஸ் 15-ல். சென்னையில் மைனஸ் 30 டிகிரி என்றால் ஐஸ்கிரீம் கம்பெனி குடோனுக்குள்தான் போகவேண்டும். ஆகவே நம் ஊரில் ஆயில் எரிவதற்கும் முதல் நம்பருக்கும் அதிகச் சம்பந்தமில்லை.

இரண்டாவது நம்பர்தான் சமாசாரம். 100 டிகிரி சூட்டில், அதாவது வண்டி ஓடும்போது, ஆயில் எவ்வளவு கெட்டி என்பது. 30 என்றால் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கவேண்டும். 40 என்றால் 12.5-லிருந்து 16.3. 50 என்றால் 16.3-லிருந்து 21.9. அந்த அளவின் பெயரை மறந்துவிடுங்கள். நம்பரை மட்டும் பாருங்கள். 30-லிருந்து 40-க்குப் போனால் சுமார் 11 இருந்தது 14 ஆகிறது. குறுகலான சந்தில் ஒழுகும் வேகம் கெட்டிக்கு எதிர்விகிதம். ஆகவே ரிங், வால்வு சந்துகளில் ஒழுகுவது ஐந்தில் ஒரு பங்கு குறையலாம். மந்திரம் இல்லை, கணக்கு.

'அப்படியானால் 50-க்கே தாவினால் என்ன?' என்று பக்கத்து சீட் நண்பர் சார்பில் கேட்டேன்.

"அம்பாசடர் இன்ஜின் வேற தம்பி. இதுல ஆயில் போற வழியெல்லாம் ஊசி மாதிரி. காலைல ஸ்டார்ட் பண்ணினதும் மேல வரைக்கும் ஏறணுமே!"

பாய் சொன்னது சரி. 40 டிகிரியில், அதாவது சென்னை வெயிலில் நிற்கும் வண்டியின் சூட்டில், 20டபிள்யூ-50 ஆயில் வழக்கமாக 5டபிள்யூ-30-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. இன்ஜின் தேய்மானத்தில் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நேரத்தில் கூழைக் குடி என்றால் பம்ப் என்ன செய்யும்? கெட்டி ஆயிலில் பிரஷர் ஜாஸ்தி காட்டும். ஆனால் பிரஷர் காட்டுவதும் ஆயில் போய்ச் சேருவதும் ஒன்றல்ல. நெரிசலில் பஸ்ஸுக்குள் தள்ளுமுள்ளு ஜாஸ்தி, ஆனால் யாரும் முன்னால் போவதில்லையே, அந்த மாதிரி. பெட்ரோலும் கூடக் கொஞ்சம் குடிக்கும்.

என் கார் கையேட்டில் 5டபிள்யூ-30 பக்கத்திலேயே, வெப்பப் பிரதேசத்துக்கு 5டபிள்யூ-40 போடலாம் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பதின்மூன்று வருடமாக டேஷ் போர்டில் இருந்த புத்தகம். அப்பா அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார்.

சிந்தெடிக் எதற்கு? சூட்டில் ஆயில் கொஞ்சம் ஆவியாகவும் போகிறது. நோவாக் சோதனை என்று ஒன்று: 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் பறந்தது என்று பார்ப்பார்கள். அமெரிக்க-ஜப்பானிய தரம் 15 சதவீதம் வரை விடும். ஐரோப்பாவின் ஏ3/பி4 தரத்தில் 13-தான். நல்ல சிந்தெடிக் ஆயில்கள் பத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். சீக்கிரம் கரியாவதும் இல்லை. ரிங்கில் ஏற்கெனவே கரி பிடித்த எனக்கு அது ரொம்ப முக்கியம்.

'சிந்தெடிக்' என்ற சொல்லில் கொஞ்சம் அரசியல் உண்டு. கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து சிந்தெடிக் என்று விற்கிறார்கள் என்று அமெரிக்காவில் மொபில் கம்பெனி காஸ்ட்ரால் மீது புகார் செய்தது. 1999-ல் அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 'அப்படிச் சொல்லலாம்' என்று காஸ்ட்ரால் பக்கம் பேசிவிட்டது. அதனால் டப்பாவில் எழுத்து எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் தரக் குறியீட்டைப் பாருங்கள். ஓட்டை திறக்கும் பயமும் பெரும்பாலும் வதந்திதான். அழுக்கு அடைத்துக்கொண்டிருந்ததால் மட்டும் கசியாமல் இருந்த பழைய சீல், அழுக்கு போனதும் தன் நிஜ நிலையைக் காட்டும். அவ்வளவே.

5டபிள்யூ-40 ஃபுல்லி சிந்தெடிக். ஊற்றினோம். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் 340 மில்லி. அடுத்ததில் 310. அதற்கடுத்து 300. அங்கேயே நின்றுவிட்டது.

அக்கவுன்ட்ஸ் நண்பரிடம் சந்தோஷமாகக் காட்டினேன். அவர் கால்குலேட்டரை எடுத்தார். வருடம் 10,000 கிலோமீட்டர். முன்பு லிட்டர் 450 ரூபாய் ஆயில், 4.8 லிட்டர்: 2,160 ரூபாய். இப்போது லிட்டர் 750 ரூபாய் ஆயில், மூன்று லிட்டர்: 2,250 ரூபாய். "தொண்ணூறு ரூபாய் நஷ்டம்" என்றார். அக்கவுன்ட்ஸ்காரர்களோடு சிநேகமே வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அவர் போடாத கணக்கு ஒன்று உண்டு. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர். முன்பு 2,000 கிலோமீட்டரில் கீழ்க் கோடு. இப்போது 3,300 கிலோமீட்டர். நான் மறந்து தொலைத்தாலும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. எரிகிற ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் சைலன்ஸர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அந்தக் கெடுதல் குறைகிறது. 38,000 ரூபாய் வேலையை இப்போதைக்குத் தள்ளிப்போட்டாயிற்று. வருடம் 2,250 வீதம் அந்தப் பணத்துக்குக் கிட்டத்தட்ட 17 வருடம் ஆயில் ஊற்றலாம். கார் அதுவரை இருக்காது, நான் இருந்தால் சரி. 2025-ல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோனபோது புகைச் சோதனையில் தேறிவிட்டது. பத்தாவது ரிசல்ட் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

இதையே எல்லோரும் செய்துவிடாதீர்கள். புது கார், வாரன்டியில் இருக்கிறது, கையேடு 0டபிள்யூ-20 என்கிறது என்றால் அதையே போடுங்கள். குடித்தால் கம்பெனிக்காரனிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தேய்ந்துபோன ரிங்குக்கு எந்த ஆயிலும் மருந்தில்லை. ஆயிரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகிறது, பிளக் ஆயிலில் நனைகிறது என்றால் இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். இன்னொன்று: காருக்கு வாங்கி மிச்சமான ஆயிலைச் சிக்கனமாக பைக்கில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் முங்கியிருக்கிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கு இருந்தால் கிளட்ச் வழுக்கும். பைக் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, காலையில் வண்டி சூடாகும் முன்னால், டிப்ஸ்டிக்கும் பழைய பனியனுமாகக் கீழே நிற்கிறேன். அப்பா டைரியில் பிப்ரவரி 2020-க்குப் பிறகு இரண்டு பக்கம் காலியாக விட்டுவிட்டு என் கோழிக் கிறுக்கலில் எழுதி வருகிறேன். தேதி, கிலோமீட்டர், மில்லி. போன ஞாயிறு அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது மூன்றாவது மாடி மாமி பால் வாங்க இறங்கி வந்தார். என் கையிலிருந்த அளவு கப்பைப் பார்த்தார். அதில் பொன்னிறமாக 300 மில்லி.

"நீயுமா?" என்றார்.